அப்பாவுக்கு ஒரு சமையல் வகுப்பு

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் எல்லாரும் கிளம்பிய மறுநாள் காலை, அப்பா போனில் கூப்பிட்டார். "ஏட்டி, உலை கொதிச்சிட்டுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவருக்கு வயது 73. தூத்துக்குடித் துறைமுகத்தில் 35 ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்தவர். எந்தக் கப்பலில் எத்தனை டன் சரக்கு வந்தது என்று நாற்பது வருடம் கழித்தும் சொல்லுவார். தண்ணீர் கொதித்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. நான் முதலில் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன்.

உறவில் எல்லாருக்கும் ஒரே தீர்வுதான் தோன்றியது. "உங்க வீட்டுல ஒரு பிடி அரிசி கூடப் போட்டா முடிஞ்சிது." சென்னையில் இருக்கும் தம்பியிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். என் வீட்டுச் சமையலையே நானும் கணவரும் நாள் பிரித்துச் செய்கிறோம். அம்மா ஐம்பது வருஷம் செய்த வேலையை அப்படியே என் தோளுக்கு மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. அதைச் சொன்னபோது ஒரு பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை ஒரு வாரம் சுமந்து திரிந்தேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாதென்றால் கற்றுக்கொள்ளட்டும். ஊரில் ஏதாவது சமையல் வகுப்பு இருக்காதா?

தேடத் தொடங்கினேன். வகுப்புகள் இருந்தன. ஓரிடத்தில் கேக் செய்யவும் ஐசிங் போடவும் சொல்லித்தருகிறார்கள், பெண்களுக்கு மட்டும். இன்னோரிடத்தில் மசாலாப் பொடி, ஊறுகாய், அப்பளம். அங்கே பெண்களுக்கு முன்னுரிமை, வயது வரம்பும் உண்டு. மூன்றாவது இடத்தில் போனை எடுத்தவர் நயமாகத்தான் பேசினார். "அண்ணாச்சி வந்தா மத்த பொம்பளைங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா." அதில் இருக்கும் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் பெண்களோடு மட்டும் உட்காரக் கிடைக்கும் இடங்கள் இந்த ஊரில் குறைவு. நான்காவது இடம் உணவகத் தொழில் கற்பிக்கும் நிறுவனம். அங்கே பையன்கள்தான் அதிகம். வெள்ளைத் தொப்பி, சீருடை, சான்றிதழ், கப்பலில் வேலை.

அன்றைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் என் பாடப்புத்தி விழித்தது. பெண்ணுக்கு என்றால் வீட்டுக்கு, ஆணுக்கு என்றால் கூலிக்கு. சமையல் வகுப்பு என்பது எப்போது இப்படி இரண்டாகப் பிரிந்தது? தன் வீட்டில் தனக்கே சோறு ஆக்கிக்கொள்ள ஓர் ஆணுக்குக் கற்றுத்தர ஏன் ஓரிடமும் இல்லை?

இந்தக் கரையில் சமையல் கற்றலின் வரலாறு பெரியது. நாம் இன்று மீன்குழம்புக்கு அரைக்கும் மிளகாய் வத்தல் இந்த மண்ணில் பிறந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. முந்திரியும் அப்படித்தான். பிரான்சிஸ் சேவியர் 1542-இல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறை ஊர்களில் ஞானம் கற்பித்தது எழுத்தில் இருக்கிறது. அதே நூற்றாண்டையொட்டி இந்தக் கரைப் பெண்கள் புதிதாக வந்த ஒரு காயை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, எவ்வளவு போட்டால் எரியும், எவ்வளவு போட்டால் ருசிக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்று நம் சட்டியில் சிவப்பு நிறம் இல்லை. கரை நெடுக நடந்த அந்த வகுப்புக்கு வருகைப் பதிவேடு கிடையாது.

பதிவேடு எதற்கு இருந்தது என்பதும் தெரிந்ததுதான். ஆங்கிலேயர் காலச் சலாபங்களில் கரைக்கு வந்த சிப்பிகளை எண்ணி, அரசுக்கு இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போனது. என்ன விலைக்குப் போனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1955 முதல் 1961 வரை இங்கே நடந்த கடைசிச் சலாபங்களுக்கும் கணக்கு உண்டு. முத்துக்கு எழுதிய கையால் சோற்றுக்கு எழுதவில்லை.

பெண்களுக்கு வகுப்பு எடுக்கும் பழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்குப் பின்னல் நூல் வேலை கற்றுக்கொடுத்தார். பிறகு இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா கற்றுக்கொடுத்தார். பின்னல் விற்றது, கையில் காசு வந்தது. தையலுக்கும் பின்னலுக்கும் வகுப்பு வந்ததற்குக் காரணம், அவை பெண்களுக்குத் தெரியாதவை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதுதான். சமையலைப் பற்றி அப்படி யாரும் நினைக்கவில்லை. அது பெண்ணுக்குப் பிறவியிலேயே வந்துவிடும் என்றார்கள். வராவிட்டால் மாமியார் வர வைப்பார். கற்க வேண்டிய ஒன்றாக எண்ணப்படாததால் அது திறமையாகவும் எண்ணப்படவில்லை. திறமை இல்லாததற்கு ஏது கூலி?

சமையலைப் பாடமாக்கியது மனையியல். அதன் கதை உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்காவில் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் சேர்த்துக்கொண்ட முதல் பெண். வேதியியல் படித்தவர். தண்ணீரையும் உணவையும் ஆய்வு செய்தார். 1899-இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவரும் மற்றவர்களும் கூடி மனையியல் என்ற துறைக்கு அடித்தளம் போட்டார்கள். பெண்களை அறிவியல் துறைகளுக்குள் விடாத காலத்தில், அடுக்களை வழியாக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த தந்திரம் அது. பாரிஸில் 1895-இல் மார்த் டிஸ்டெல் என்ற பத்திரிகையாளர் சமையல் பத்திரிகை ஒன்று தொடங்கினார். அதையொட்டி வகுப்புகள் நடந்தன. இன்று உலகெங்கும் சமையல்காரர்களை உருவாக்கும் 'லு கார்டன் புளூ' அங்கிருந்து வளர்ந்ததுதான்.

நம் நாட்டில் அனைத்திந்திய மாதர் மாநாடு டெல்லியில் லேடி இர்வின் கல்லூரியை 1932-இல் நிறுவியது. சென்னையில் 1942-இல் ராணி மேரிக் கல்லூரியில் மனையியல் பட்டப்படிப்பு வந்தது. 1957-இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி. அங்கே முதல்வராக இருந்த ராஜம்மாள் தேவதாஸ், ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ஊட்டச்சத்து அறிஞர். பின்னாளில் துணைவேந்தரும் ஆனார். மனையியல் என்றாலே என் தலைமுறைப் பெண்ணியவாதிகள் உதட்டைச் சுழிப்போம். நானும் சுழித்திருக்கிறேன். பெண்ணை வெளியே படிக்க அனுப்பத் தயங்கிய அப்பாக்கள் "நல்ல குடும்பப் பெண்ணாகத்தானே வருவாள்" என்று நம்பி அனுப்பியதால், ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் அதிகாரியாகவும் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஆனால் அந்தக் கதவு பெண்ணின் உயரத்துக்கு மட்டுமே வெட்டப்பட்டிருந்தது. மனையில் ஓர் ஆணும் குடியிருக்கிறான் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

கல்லூரிக்குப் போகாதவர்களுக்குப் புத்தகம் வந்தது. 1951-இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. சிறுவயதிலேயே கணவரை இழந்தவர் அவர். தூரத்து ஊர்களுக்குப் போய்விட்ட உறவுப் பெண்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுத, எழுத்தில் பதில் சொல்லிப் பழகி, பிறகு அதைப் புத்தகமாக்கினார். அருகில் மாமியாரோ அம்மாவோ இல்லாத தனிக்குடித்தனப் பெண்ணுக்கு அது தபால்வழிச் சமையல் வகுப்பு. 1979-இல் என் அம்மாவுக்குக் கல்யாணப் பரிசாகக் கிடைத்த பிரதி இன்னும் வீட்டில் இருக்கிறது. சாம்பார், ரசம் பக்கங்களில் எண்ணெய்க் கறை. அந்தப் புத்தகத்தில் ஒரு மீனும் நீந்தாது. அது பிராமணக் குடும்பம் ஒன்றின் சைவச் சமையல். அம்மா விருந்தாளிகளுக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சமைத்தாள், எங்களுக்குப் பாட்டியைப் பார்த்துச் சமைத்தாள். அச்சில் ஏறியது ஒரு சாதியின் அடுக்களை, அது தமிழர் சமையல் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. சீலா மீன் குழம்புக்கும், மாசிக் கருவாட்டுச் சம்பலுக்கும் நாக்கும் கையும்தான் பாடநூல். அம்மா போனபோது எங்கள் வீட்டுப் பிரதி எரிந்துவிட்டது.

கிராமங்களுக்குச் சமையல் வகுப்பைக் கொண்டு போனது அரசு. 1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் கிராம சேவிகாக்கள் வந்தார்கள், மாதர் சங்கங்கள் உருவாயின. 1960-களில் யுனிசெஃப் துணையோடு நடந்த பயன்முறை ஊட்டச்சத்துத் திட்டத்தில், கீரையை எப்படி வேகவைத்தால் சத்து போகாது என்று செய்து காட்டினார்கள். நோக்கம் நல்லது. எனினும் பிள்ளை மெலிந்திருந்தால் அது தாயின் அறியாமை என்ற எண்ணம் அந்தச் செயல்விளக்க மேசைக்குப் பின்னால் நின்றது. விடியுமுன் எழுந்து பொங்கி வைத்துவிட்டு உப்பளத்துக்கு நடக்கும் பெண்ணுக்குக் கீரையின் சத்து தெரியாததா குறை? கீரை வாங்கக் காசும், அதை ஆய நேரமும் இல்லாததா?

இதே மாவட்டத்து மண்ணில்தான் இன்னொரு பெரிய அடுக்களையும் பற்றவைக்கப்பட்டது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரமாயிரம் பெண்களுக்கு வேலை கிடைத்தது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. வீட்டில் சும்மா செய்த வேலைக்கு அரசு சம்பளம் கொடுத்தது. ஆனாலும் அவர்களை முழுநேர ஊழியர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. காலமுறை ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்குமான அவர்கள் போராட்டம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி வகுப்பும் உண்டு. சமையல் வகுப்பு இத்தனை கிராமங்களுக்குப் போனதில்லை என்று மகிழ்ந்தேன். 2023 செப்டம்பரில், எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுப்பில் எந்தக் கை இருக்கலாம் என்று இங்கே ஆணும் பெண்ணும் மட்டும் தீர்மானிப்பதில்லை, சாதியும் தீர்மானிக்கிறது. பெண்ணின் கை என்றாலும் எல்லாப் பெண்களின் கையும் ஒன்றாக எண்ணப்படவில்லை.

ஆண்களுக்குச் சமையல் வராது என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. இரவானால் எண்ணெய் புரோட்டாக் கடைகளில் கல்லுக்கு முன்னால் நிற்பது 'மாஸ்டர்'. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் காயவிடும் மக்ரூனைப் போட்டுப் பேரெடுத்தவர்களும் ஆண்கள்தான். காயல்பட்டினம் கல்யாண வீட்டில் தேக்சாக்களை ஆள்வது பண்டாரி. கடலில் தோணிக்கும் பண்டாரி உண்டு. என் அப்பாவின் அப்பா கொழும்புக்குப் போன தோணிகளில் பண்டாரியாக இருந்தவர். ஆடுகிற தோணியில், அலைக்கு அணையாமல் அடுப்பு மூட்டி, அத்தனை பேருக்கும் சோறும் குழம்பும் ஆக்கினவர். கரைக்கு வந்தால் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுக்க மாட்டார் என்று பாட்டி சொல்வாள். கடலில் தெரிந்தது வீட்டு வாசலில் மறந்துபோகும். கூலி இருக்கும் இடத்தில் சமையல் தொழில், கூலி இல்லாத இடத்தில் அது பெண்ணின் அன்பு.

அந்த அன்பு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அரசே அளந்திருக்கிறது. 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையைத் தொட்டார்கள். மிச்சமுள்ள 74 பேரில் ஒருவர்தான் எனக்குப் போன் செய்து உலையைப் பற்றிக் கேட்டவர்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் கற்க இடமே இல்லை என்பது பொய். 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி மீன் ஊறுகாய், கட்லெட் போன்ற மதிப்புக்கூட்டிய பொருட்கள் செய்யப் பெண்கள் குழுக்களுக்குப் பயிற்சி தருகிறது. வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஊறுகாய், மசாலாப் பொடிக்குப் பத்து நாள் பயிற்சி இலவசம். கையில் காசு வர வேண்டும் என்று நினைக்கும் தோழிகள் இவற்றைக் கட்டாயம் விசாரிக்கலாம். இவை எல்லாமே விற்பதற்கான சமையல். தினசரிச் சோற்றை யாரும் பாடமாக எடுப்பதில்லை. அது தெரிந்த ஒருத்தி ஒவ்வொரு வீட்டிலும் இருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் ஊரே நடக்கிறது.

கடைசியில் வகுப்பு போல்டன்புரத்தில் அப்பா வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் கிடைத்தது. சத்துணவுச் சமையலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சித்தி என்று கூப்பிடுவேன். தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சமைத்தவர். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "சும்மா சொல்லித்தர மாட்டேன். ஒரு மாசம், வாரத்துக்கு மூணு நாள். ரெண்டாயிரம் ரூவா. பாத்திரத்தை அண்ணாச்சிதான் கழுவணும்" என்றார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எதுக்குட்டி ரூவா? ஒரு சேலை எடுத்துக் குடுத்தாப் போதாதா?"

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தந்த பையனுக்குச் சேலையா எடுத்துக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் ஏ.டி.எம்.முக்குப் போய் வந்தார்.

அம்மா வைக்கும் சீலா மீன் குழம்பைத்தான் முதலில் கற்க வேண்டும் என்று அப்பா கேட்டார். சித்தி மறுத்துவிட்டார். "அண்ணாச்சி, அவங்க கை எனக்கு வராது. தேங்காயோட என்ன வச்சு அரைச்சாங்கன்னு நான் எட்டிப் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்ச கொழம்ப நான் சொல்லித்தாரேன்." அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐம்பது வருஷம் அடுப்புக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு, அதில் என்ன போட்டார்கள் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. அடுக்களைக்குள் போனால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியவள் நான். அதற்காக வருத்தப்பட மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஓடியது சரிதான். ஓடாமலே கேட்டிருக்கக்கூடிய ஒரு வீடு எங்களுக்கு வாய்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

அப்பா எழுத்தர் அல்லவா, ஒரு நோட்டுப் போட்டார். துறைமுகப் பதிவேடு மாதிரி கோடு கிழித்து, நாள், சமைத்தது, அளவு, நேரம், குறிப்பு. முதல் பதிவு: "உலை. அடியிலிருந்து குமிழ் ஏறி மேலே வந்து உடையும். மூடி ஆடும். 11 நிமிடம்." சித்தி வாங்கிப் பார்த்தார். "எல்லாம் எழுதியிருக்கீங்க. யாரு சொல்லித்தந்தான்னு எழுதலையே" என்றார். அப்பா பேனாவை எடுத்து மேலே இடம் பார்த்து அவர் பெயரை எழுதினார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாளைக் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல். என் கணவரும் மகனும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துப் பழக்கதோஷத்தில் நான் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அப்பா தடுத்தார். "இரு, சித்தி திட்டும். பாத்திரம் நான்தான் கழுவணும்." பிறகு மகனைக் கூப்பிட்டு, தேய்த்துத் தந்த தட்டுகளை அலசச் சொன்னார். நான் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வந்த பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.